சித்தப்பாவுக்குச் சோறூட்டிய அக்காவுக்கு

பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள் அக்கா, போடவில்லை.

சித்தப்பாவைப் போல டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு, இரண்டு இருக்க வேண்டிய 21ஆம் குரோமோசோம் மூன்று. அல்சைமர் மறதிநோயோடு தொடர்புள்ள அமிலாய்டு புரதத்தின் மரபணுவும் அதில்தான் இருக்கிறது. அதனால் பலருக்கு ஐம்பது வயதை ஒட்டியே மறதி தொடங்கிவிடுகிறது. சித்தப்பா மந்தமானபோது, "முதல்ல தைராய்டு பாருங்க, காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னும் பாருங்க" என்றவர் நீங்கள். இரண்டுமே மறதி போல வேடம் போடும், சரிசெய்யக் கூடியவை.

கடைசியில் விழுங்குவதுதான் பெரும்பாடு. வெறும் தண்ணீர் நாக்கில் நிற்காமல் ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்; நிமோனியா அப்படித்தான் வருகிறது. நீங்கள் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையை லேசாகத் தாழ்த்தி, டீஸ்பூனில் பாதிதான் கொடுப்பீர்கள். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடமாட்டீர்கள்.

ரசம் சாதம் கூடாது; நீரும் பருக்கையும் பிரிந்து புரையேறும். அவருக்கோ ரசம்தான் உயிர்! குழைந்த சாதத்தோடு மிக்ஸியில் கெட்டியாக அடித்துக் கொடுத்தீர்களே, அன்றைக்குக் கிண்ணத்தைத் தட்டித் தட்டி இன்னும் கேட்டார்.

அந்த எவர்சில்வர் கிண்ணம் உங்களிடம்தான் இருக்கிறது. திருப்பித் தர வேண்டாம் அக்கா.