யார் குரல், யார் முகம்: குமரனுக்கு ஒரு கடிதம்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. பினாங்கில் மழை விட்டபாடில்லை என்கிறாய், இங்கேயும் சாயங்காலமானால் கொட்டித் தீர்க்கிறது.

உன் மாணவர்கள் 40 உள்ளூர்ப் பாட்டுக் கிளிப்புகளை, அதாவது பாட்டுக்கென்று எடுத்த வீடியோக்களை, வகை பிரிக்கப் போகிறார்கள், எந்தக் கோட்பாட்டைக் கையில் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். எல்லாரும் முதலில் எடுப்பது ஆய்வாளர் ஜோன் லிஞ்ச் 1984-இல் வகுத்த மூன்று பெட்டிகளைத்தான்: பாடி ஆடி நிகழ்த்துவது, கதை சொல்வது, கதையும் இல்லாமல் மேடையும் இல்லாமல் கற்பனையாக ஓடுவது. புரிந்துகொள்ள எளிது. ஆனால் நம்மூர்க் கிளிப் ஒன்றை எடுத்துக்கொள். பாடகர் பத்துமலைப் படியில் நின்று பாடுவார், நடுவில் காதலர் சண்டை வரும், கடைசியில் வண்ணப்பொடி பறக்கும். மூன்று மாணவர்கள் மூன்று பெட்டியில் போடுவார்கள், மூன்று பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். அதனால் கிளிப்பைப் பெட்டியில் போடாதே, வினாடிகளைப் போடு. 220 வினாடிப் பாட்டில் நிகழ்த்தல் 120, கதை 70, கற்பனை 30 என்று எழுதச் சொல். பெட்டிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னோர் ஆய்வாளர் ஆன் காப்லன் 1987-இல் ஐந்து வகை சொன்னார்: காதல் வகை, சமூக அக்கறை, எல்லாவற்றையும் மறுக்கும் வகை, செவ்வியல், பின்நவீனம். அது பாட்டு வீடியோக்களை ஒளிபரப்பிய அன்றைய எம்டிவி தொலைக்காட்சியைப் பார்த்து எழுதியது. படத்தைப் பார்க்கிறதே தவிர, பாட்டைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் அந்த இடத்தில்தான் கை வைத்தார். காட்சியைத் தாளத்தோடும் சொல்லோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றார். பாடத்திட்டங்களில் அவரை ஆறு அம்சங்களாகச் சுருக்கிக் கொடுக்கிறார்கள். அதில் உனக்கு மிகவும் உதவுவது வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவு. வரி ‘மழை’ என்கிறது என்று வை. திரையிலும் மழை பெய்தால் அது விளக்கம். ஜார்ஜ்டவுன் அஞ்சடியில், கடைமுன் நடைபாதையில், ஒருவர் கடைக்கதவை மெல்லச் சாத்திவிட்டுத் தனியாக நின்றால் அது விரிவாக்கம், வரியில் இல்லாத ஓர் அர்த்தத்தைப் படம் கூட்டுகிறது. காதல் பாட்டு ஓடும்போது இடிபடும் தோட்டத்து லயத்து வீடுகளைக் காட்டினால் அது முரண். மாணவர்கள் இந்தக் கடைசி இரண்டையும் குழப்புவார்கள். காட்சியை எடுத்துவிட்டால் வரியின் அர்த்தம் சுருங்குகிறதா, இல்லை தலைகீழாகிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல். சுருங்கினால் விரிவாக்கம், தலைகீழானால் முரண்.

குட்வின் பட்டியலில் ஒன்றை மட்டும் அப்படியே எடுத்தால் தப்பாகிவிடும். பாடகரின் முகத்தை நெருக்கத்தில் காட்டச் சொல்வது இசைத்தட்டு நிறுவனம் என்கிறது அது. பாடுகிறவரே திரையிலும் நிற்கும் மேற்கத்தியக் குழுக்களுக்கு அது பொருந்தும். தமிழ்த் திரைப்பாட்டில் குரல் ஒருவருடையது, உதடசைப்பவர் வேறொருவர். அங்கே நெருக்கக் காட்சி நடிகரை விற்கிறது. நம் உள்ளூர்க் கிளிப்புகள் இந்த இரண்டு மரபுக்கும் நடுவில் நிற்கின்றன. சிலவற்றில் பாடகரே நாயகன், சிலவற்றில் அவர் இரண்டு ஷாட்டோடு ஒதுங்கிவிட, நடிகர்கள் கதையைச் சுமக்கிறார்கள். அதனால் தாளில் மூன்று கட்டம் போடு: குரல் யாருடையது, உதடசைப்பது யார், கேமரா அதிக நேரம் யார் முகத்தில் நிற்கிறது. 40 கிளிப்பையும் இந்த மூன்றால் பிரித்தால், லிஞ்சின் மூன்று பெட்டியை விடத் தெளிவான கூட்டங்கள் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வேறொரு படைப்பை நினைவூட்டும் ‘மேற்கோள்’ என்ற அம்சத்தையும் படத்தில் மட்டும் தேட வேண்டாம். நம் மலேசிய ராப் பாடகர்கள் யோகி பி, நட்சத்திரா 2006-இல் ‘மடை திறந்து’ பாட்டில் 1980-இன் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டைக் கொண்டுவந்தார்கள். அங்கே மேற்கோள் காதில் இருக்கிறது. பழைய பாட்டைத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அது இரண்டு வேறு பாட்டு. கட்டத்தில் ‘கேட்கும் மேற்கோள்’, ‘பார்க்கும் மேற்கோள்’ என்று தனித்தனியாக எழுதச் சொல்.

இனி வேலை. முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், இரண்டாம் தடவை திரையை மூடிவிட்டுக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்து. இது திரைப்பட ஒலியை ஆராய்ந்த மிஷேல் சியோன் சொன்ன வழி. அவருடைய இன்னொரு சோதனை, அதே படத்துக்கு வேறு பாட்டை ஓட்டிப் பார்ப்பது. அப்போதும் சில வெட்டுகள், அதாவது ஷாட் மாறும் இடங்கள், தாளத்தில் விழுந்த மாதிரியே தோன்றும். ஒரே நொடியில் வரும் சத்தத்தையும் அசைவையும் மூளை தானாக ஒட்டிவிடுகிறது. ஆகவே ‘எடிட்டர் அருமையாகத் தாளத்துக்கு வெட்டியிருக்கிறார்’ என்று எழுதும் முன் இந்தச் சோதனை கட்டாயம்.

வெட்டுகளை எண்ணக் கணினியில் விஎல்சி வீடியோ மென்பொருள் போதும், ‘ஈ’ விசையைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். நிமிடத்துக்கு 96 தட்டு, நாலு தட்டுக் கணக்கு என்றால் ஒரு சுற்று 2.5 வினாடி. எட்டுச் சுற்றுப் பல்லவி 20 வினாடி. அதில் 16 ஷாட் இருந்தால் ஒரு ஷாட்டுக்கு 1.25 வினாடி. அடுத்து வரும் எட்டுச் சுற்று இடையிசையில் 4 ஷாட்தான் என்றால் 5 வினாடி. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 2 வினாடி வரும். அந்த 2 வினாடி பாட்டில் எந்த இடத்திலும் இல்லை! பல்லவி, சரணம், இடையிசை என்று தனித்தனியாகத்தான் கணக்கெடுக்க வேண்டும். ராப் பாட்டானால் ஹூக் (திரும்பத் திரும்ப வரும் வரி), வெர்ஸ் (ராப் பகுதி). பாட்டு தொடங்கும் முன் வரும் வசனக் காட்சியைக் கணக்கிலிருந்து கழித்துவிடு, இல்லாவிட்டால் கதை வினாடிகள் பொய்யாக ஏறிவிடும்.

உடம்பு மெதுவாக அசையும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் போகும் ஷாட்டுகளைக் கவனிக்கச் சொல். படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓட்டி, வினாடிக்கு 48 பிரேமில் எடுத்து, 24-இல் ஓட விடுவார்கள். அதை வெறும் ‘ஸ்லோ மோஷன்’ என்று குறித்தால் நிகழ்த்தலா கற்பனையா என்ற கணக்கு கெட்டுப்போகும். உதடு சேர்ந்தால் நிகழ்த்தலில் சேர்.

கடைசியாக, ஒவ்வொரு கிளிப்பையும் இருவர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். இருவரும் 80 விழுக்காடு ஒத்துப்போனார்கள் என்று மகிழ்ந்துவிடாதே. இரண்டே வகை இருந்து, இருவருமே பத்தில் எட்டுக்கு ‘நிகழ்த்தல்’ என்று கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 68 விழுக்காடு ஒத்துவரும். தற்செயலைக் கழித்துச் சொல்லும் கோஹன் கப்பா கணக்கைப் போடு. எண் குறைந்தால் மாணவரைத் திட்டாதே, வகையின் விளக்கத்தைத் திருத்து.

முதல் 10 கிளிப்புகளின் பெயரை மட்டும் அனுப்பு, உங்கள் குறிப்புகள் வேண்டாம். நான் இங்கே தனியாகக் குறித்து வைக்கிறேன், பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
மணி