ஒரு டைமருக்காக உங்களுக்கெல்லாம் நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். என் ஃபர்ம்வேர் (போர்டு பூட் ஆகும்போது முதலில் ஓடும் புரோகிராம்) கோடில் டைமர் ஒருவழியாக ஒழுங்காக ஓடுகிறது. "நேரம் காட்டுறதுக்கா இத்தனை மாசம்?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

முதல் நன்றி, சீரியல் லாக்கை (போர்டு ஒவ்வொரு அடியிலும் நேரத்தோடு அனுப்பும் குறிப்புகளை) வரிவரியாகப் படித்தவருக்கு. போர்டு சில சமயம் யூஎஸ்பிக்காகக் காத்திருக்கும் இடத்திலேயே நின்றுவிடும். நான் யூஎஸ்பி கோடையே ஒரு வாரம் குடைந்துகொண்டிருந்தேன். "நேரத்தைப் பாருங்க, 4.68 வரைக்கும் ஏறுது, அப்புறம் மறுபடி 0" என்றீர்கள். தலையில் அடித்துக்கொண்டேன். நான் நேரம் பார்த்த ஏசிபிஐ பிஎம் டைமர், போர்டில் இருக்கும் ஓர் எண்ணி, நொடிக்கு 35,79,545 தடவை எண்ணுகிறது. என் போர்டில் அது 24 பிட்தான். அந்த அளவு 4.69 நொடியில் நிரம்பி, எண்ணிக்கை மறுபடி 0 ஆகிவிடும். கடிகாரம் பின்னால் குதித்தால் டைம்அவுட் (காத்தது போதும் என்று விடும் கெடு) எங்கே வரும்? பழைய எண்ணைக் கழித்து, 24 பிட்டுக்கு மாஸ்க் போட்டு (மேலே உள்ள பிட்டுகளை வெட்டி), வித்தியாசத்தை 64 பிட்டில் சேர்த்துக்கொண்டே வந்தேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

இந்தத் திருத்தத்தின் பேட்சைப் பார்த்த அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "பாஸ்வேர்டு திரையில 10 நொடி சும்மா உட்கார்ந்திருந்தா?" டைமர் இன்டரப்ட் (அவ்வப்போது பிராசசரைத் தட்டி எழுப்பும் சிக்னல்) எதுவும் வைக்காத கோடு அது. அந்த 10 நொடியில் யாரும் டைமரைப் படிக்காவிட்டால் இரண்டு சுற்று கணக்கிலேயே வராது. அந்தக் கேள்வியால்தான் டிஎஸ்சிக்கு (பிராசசருக்குள்ளேயே இருக்கும் 64 பிட் எண்ணிக்கு) மாறினேன். நல்லவேளை, அந்தப் பிராசசரில் அதன் வேகம் மாறாது. பிஎம் டைமருக்கு இப்போது ஒரே வேலை, பூட் ஆகும்போது டிஎஸ்சியின் வேகத்தை அளந்து கொடுப்பது.

அப்புறம், போர்டை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த தம்பிக்கு. 11 நொடி பின்தங்குகிறது என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. பார்த்தால், 3.579545 மெகாஹெர்ட்ஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் சோம்பலில் 3.58 என்று எழுதியிருக்கிறேன்! (அமெரிக்கக் கலர் டிவிக்காக வைத்த அலைவரிசை அது, இன்னும் நம் போர்டுகளில் உட்கார்ந்திருக்கிறது.)

ஆஸிலோஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் காட்டும் கருவி) கொடுத்த அண்ணா, ஜிபிஐஓ பின்னில் (கோடு சொல்லும்போது மின்சிக்னல் தரும் போர்டின் முனையில்) நொடிக்கு ஒரு துடிப்பு, திரையில் அசையாமல் நின்றதை நீங்களும் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். ஒரு புரோப்பின் கிளிப் என் கையால் உடைந்துவிட்டது. புதிது வாங்கி வைத்திருக்கிறேன், திட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்