நம் பள்ளிக்குப் பிறந்தநாள் எது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் நுழைவாயில் வளைவில் பெயர் எழுத வந்த பெயின்டர், பள்ளியின் பெயரை முடித்துவிட்டு, "கீழே ஆரம்பிச்ச வருஷம் போடணுமே, எது சார்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. அலுவலகத்தில் விசாரித்தால் ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள். மதியம் வரை காத்திருந்துவிட்டு அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வளைவில் அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

பீரோவைத் திறந்தால் தேதிகளுக்குப் பஞ்சமில்லை. அறக்கட்டளை பதிவான நாளை எடுத்துக்கொண்டால் பள்ளிக்கு வயது கூடும். நிர்வாகக் குழுவில் சிலருக்கு அதில் ஆசையும் இருந்தது. ஆனால் அன்று நம்மிடம் இருந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு பாஸ்புக்கும்தான். பிள்ளை ஒன்றுகூட இல்லை. லாஸ்பேட்டைக் கட்டடத்தின் திறப்பு விழா நாள் கல்வெட்டிலேயே இருக்கிறது. அதற்குள் நம் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அங்கீகார ஆணையின் தேதியை அப்படித் தள்ளிவிட முடியாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் ஒன்றாம் வகுப்பு நடத்தக் கூடாது. நாளைக்கு உங்கள் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் செல்லுபடியாவதும் அந்த ஆணையால்தான். ஆனால் அது வந்தது மே மாத விடுமுறையில். காவலாளியும் நானும்தான் இருந்தோம்.

மிஞ்சியது ஒரு விஜயதசமி. முத்தியால்பேட்டை வாடகை வீட்டில், மழை திண்ணை வரை சாரலடித்த காலையில், பதினோரு குழந்தைகள் தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் 'அ' எழுதினார்கள். ஒருவன் எழுதாமல் அரிசியைத் தின்றான். சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கம் அன்று எழுதியது. சேர்க்கை எண் 1 இப்போது மூன்றாம் வகுப்பில் முன்பெஞ்சில் இருக்கிறாள்.

ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். சமூக அறிவியல் ஆசிரியைதான் வழி காட்டினார். "நம்ம ஊருக்கே ரெண்டு நாள் இருக்கே சார்!" என்றார். உண்மைதான். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரியில், கீழூர் கிராமத்தில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. பிரான்சோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956இல். அதற்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. இடைப்பட்ட எட்டு வருடமும் நிர்வாகம் இந்தியாவின் கையில்தான் நடந்தது. நாமும் நவம்பர் 1, ஆகஸ்ட் 16 என்று இரண்டு நாளையும் கொண்டாடுகிறோம். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி இன்னொரு லீவு கிடைப்பதில் பிள்ளைகளுக்கும் வருத்தமில்லை.

சரி, முடிவு இதுதான். வளைவில் 'தொடக்கம்' என்று அந்த விஜயதசமி வருடத்தைப் போடுகிறோம். அதன் கீழே சின்ன எழுத்தில் அங்கீகாரம் பெற்ற வருடம். அரசுக்குப் போகும் விண்ணப்பங்களிலும் சான்றிதழ்களிலும் ஆணையின் தேதியே இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஒரு சிக்கல். விஜயதசமி வருடத்துக்கு வருடம் தேதி மாறும், அன்று பள்ளிக்கு விடுமுறையும் கூட. அதனால் பள்ளி திறக்கும் அடுத்த வேலைநாளில் தொடக்க நாளை வைத்துக்கொள்வோம். மழை விடுமுறை விட்டால் அதற்கும் அடுத்த நாள். நன்கொடை எதுவும் கேட்க மாட்டோம்.

ஒரே ஒரு உதவி. அந்த முதல் காலையின் படம் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் பாதிக்கு மேல் குடைகள். யாருடைய போனிலாவது வேறு படம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பெயின்டர் சனிக்கிழமை மறுபடி வருகிறார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்