'குட்டி இருக்கா?' என்று கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் பிறப்பித்த உத்தரவில், விரும்பியவர்கள் தெருநாயைத் தத்தெடுக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறது. இந்தப் பொறுப்பு காப்பகத்தில் நாயைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அங்கேதான் பெரும்பாலோர் 'குட்டி இருக்கா?' என்று கேட்டுச் சறுக்குகிறார்கள்.

குட்டி எவ்வளவு உயரம் வளரும், என்ன குணத்தோடு வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று துள்ளி விளையாடுவது நான்கு நாளில் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ரத்தமாகக் கழிந்து செத்துப்போகலாம். ஆறேழு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி என 16 வாரம் வரை போட்டால்தான் அதற்குப் பாதுகாப்பு. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். எனவே குட்டி செத்த வீட்டில் ஊசி முடியாத இன்னொரு குட்டியை விடக் கூடாது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு, கருத்தடை செய்த இரண்டு மூன்று வயது நாட்டு நாய்தான் சரி. அதன் உயரமும் குணமும் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிகிறதே!

காப்பகத்துக்கு இரண்டு தடவையாவது போங்கள். கூண்டுக்குள் இருக்கும்போது எல்லா நாயும் குரைக்கும். அதை வைத்து எடை போடாதீர்கள். சங்கிலியில் வெளியே அழைத்துவந்து கால் மணி நேரம் நடத்திப் பாருங்கள். அப்போது சாவிக்கொத்தைத் தரையில் போடுங்கள். நாய் திடுக்கிட்டால் தவறில்லை. சில நொடியில் தேறி வந்து மோந்து பார்க்கிறதா என்பதே கேள்வி. ஐந்து நிமிடம் ஆகியும் மூலையில் ஒடுங்கி நடுங்குகிற நாய் அமைதியான வீட்டில் தேறிவிடும். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு ஆகாது. பிள்ளையை நாயிடம் தள்ளாமல், நாயே வரும்வரை பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். நாய் கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டாலோ, முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தாலோ, 'போதும், விடு' என்கிறது என்று அர்த்தம். பிறகு வருவதுதான் உறுமல். அதற்கு அடித்தால் நாய் உறுமுவதை நிறுத்திவிடும், நேரே கடிக்கும். தின்னும்போது தட்டில் கைவிட்டுச் சோதிக்கும் வீரமும் வேண்டாம். தட்டருகே யாராவது வந்தால் சீறும் பழக்கம் உண்டா என்று சோறு போடுகிறவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஈறே வெளிறிக் கிடந்தால், அல்லது மூக்கில் ரத்தம் வந்ததாகச் சொன்னால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி தேடுங்கள், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டினால் தெருநாய்களிடம் பரவும் கட்டியாக இருக்கலாம். வாரம் ஒரு ஊசியாகப் போட்டுப் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம். அதற்காக நாயை ஒதுக்க வேண்டியதில்லை. காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆனதற்கு அடையாளம், அவ்வளவுதான். ரேபிஸ் ஊசி ஆண்டுதோறும் போட வேண்டியது. தேதி தெரியாவிட்டால் மறுபடி போடுவதில் தீங்கில்லை. மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும் கடலூர்ப் பக்கத்துக்காரர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் விடக் கூடாது.

நாயை அழைத்துவரும் நாளும் முக்கியம். ஐப்பசியில் வேண்டாம். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் புது நாய்க்குத் திரும்பிவர வழி தெரியாது. கார்த்திகை தீபம் கழியட்டும். பயந்த நாய் பின்னால் இழுக்கும்போது கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். ஆகவே முதல் மாதம் மார்புப் பட்டையும் சேர்த்துப் போடுங்கள், கேட்டைத் தாழிட்டே வையுங்கள். மூன்று நாள் அது தின்னாமல் ஒதுங்கியே கிடக்கலாம், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை புரியும், நம் வீடு என்று அது நினைக்க மூன்று மாதம்கூட ஆகும். இரண்டாம் நாளே 'இது ஒட்டவில்லை' என்று கொண்டுபோய் விடுவது அநியாயம்.

இரண்டு நாள் காப்பகத்தில் தின்றதையே கொடுங்கள், பிறகு கால்வாசி, அரைவாசி என ஒரு வாரத்தில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பேதியாகும். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு மிச்சச் சாம்பார் சாதம். சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். முள் எடுத்த மீனும் சோறும் தாராளமாகப் போடலாம்.

காப்பகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நாயோடும் ஓர் அட்டை கொடுங்கள்: தோராய வயது, ஊசி போட்ட தேதிகள், கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த நாள், எதற்கு மிரளும், யாரையாவது கடித்ததா. ஒத்துவராவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்ற வரியையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒத்துவராத நாயை இரவோடு இரவாக வெள்ளிக் கடற்கரையில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
காப்பகத் தன்னார்வலர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.