சர்வரிடம் கேட்காதே, மாஸ்டரிடம் கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. அண்ணன் வழக்கம்போல ராத்திரி பத்து மணிக்குத்தான் கடையைப் பூட்டிவிட்டு வருகிறான்.

ஆபீஸில் எல்லோரும் வெளியே சாப்பிடக் கிளம்பினால் நீயும் போகிறாயாம், ஆனால் ‘நான் சாப்பிட்டுவிட்டேன்’ என்று சொல்லித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம். அம்மா சொன்னாள். உனக்குச் சீலியாக் நோய், கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து இப்படிப் பயந்துகிடக்கிறாய். போனில் பேசினால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். வாழ்நாளில் பாதியை ஓட்டல் அடுப்படியில் கழித்தவன் நான். அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவனாகச் சொல்கிறேன்: பயந்து ஒதுங்கவும் வேண்டாம், வந்ததை எல்லாம் நம்பிச் சாப்பிடவும் வேண்டாம். விசாரித்துச் சாப்பிடு.

‘இதில் கோதுமை இருக்கா?’ என்று சர்வரிடம் கேட்டால் ‘இல்லம்மா’ என்றுதான் பதில் வரும். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவனுக்குக் கோதுமை என்றால் சப்பாத்தி, அவ்வளவுதான். மைதா, ரவை, சேமியா எல்லாம் மளிகை லிஸ்டில் தனித்தனி வரி, ஸ்டோர் ரூமில் தனித்தனி டின். மூன்றும் ஒரே தானியம் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் பேரைச் சொல்லிக் கேள்: மைதா, ரவை, சேமியா. பெங்களூரில் அடுப்படி ஆட்கள் பலர் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள். அவர்களிடம் ரவை என்றால் முழிப்பார்கள், சூஜி என்று சொல். மைதா எல்லா ஊரிலும் மைதாதான்.

அதைவிட நல்லது, மாஸ்டரிடமே ‘மாவில் என்னென்ன சேர்க்கிறீங்க?’ என்று கேட்பது. ஆமாம், இல்லை என்று தலையாட்டித் தப்பிக்க முடியாத கேள்வி அது. கல்தோசைக்கு அரிசியும் உளுந்தும் வெந்தயமும்தான் என்பார். பேப்பர் ரோஸ்ட் மொறுமொறுவென்று வரச் சில இடங்களில் ஒரு கை மைதாவோ ரவையோ கலப்பார்கள், அது அப்போதுதான் வெளியே வரும். உளுந்து வடை மாவு நீர்த்துப்போனால் இழுத்துப் பிடிக்கக் கொஞ்சம் ரவை போடுவது ஓட்டல் பழக்கம். குருமா தண்ணியாக இருந்தால் மைதா கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. இதெல்லாம் மெனு கார்டில் இருக்காது, சர்வருக்கும் தெரியாது. கேள்வியைக் கேட்டு மாஸ்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதே. தன் மாவைப் பற்றிக் கேட்டால் சந்தோஷப்படாத மாஸ்டரை நான் பார்த்ததில்லை.

சரி, மாவு சுத்தமாகவே இருக்கிறது என்று வை. கல்லைப் பார். ரவா தோசை ஊற்றிய அதே கல்லில்தான் உன் சாதா தோசையும் விழும். இடையில் மாஸ்டர் தண்ணீர் தெளித்து ஈர்க்குத் துடைப்பத்தால் ஒரு தள்ளுத் தள்ளுவார். அந்தத் துடைப்பத்தின் இடுக்கில் காலையிலிருந்து ஊற்றிய எல்லா மாவும் ஒட்டியிருக்கும். ரவைத் துணுக்கு ஒன்று அதிலிருந்து உன் தோசைக்கு வந்தால் போதும். இந்தியாவில் ஒரு பொருளைக் குளூட்டன் இல்லாதது என்று சொல்லி விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த அளவை வைத்துப் பார்த்தால் துடைப்பம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

உங்கள் ஊரில் தர்ஷினி என்கிற சின்ன ஓட்டல்களில் ஒரு வசதி, நின்றுகொண்டே அடுப்பைப் பார்க்கலாம். டோக்கன் வாங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் கல்லைக் கவனி. ரவா தோசைக்குத் தனிக் கல் இருக்கிறதா, சப்பாத்தி எங்கே சுடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒரே கல்தான் என்றால் இட்லிக்குப் போய்விடு. இட்லி தனித் தட்டில் ஆவியில் வேகிறது, யார் துடைப்பமும் அதில் படாது. ஆனால் அங்கே ரவா இட்லியும் இட்லிதான், அது கோதுமை ரவை. வெள்ளை இட்லியிலும் சிலர் ரவை போட்டோம் என்பார்கள். பயப்படாதே, பெரும்பாலும் அது அரிசி ரவை. எந்த ரவை என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

பெங்களூரில் உனக்கு இல்லாததை நினைத்து ஏங்காதே. சௌசௌ பாத், மத்தூர் வடை, மங்களூர் பஜ்ஜி எல்லாம் ரவையோ மைதாவோ சேர்ந்தவை, போனால் போகட்டும். ராகி முத்தே என்கிற களி, அரிசி மாவில் தட்டும் அக்கி ரொட்டி, நீர் தோசை எல்லாம் உன் கட்சி. கானாவளி என்கிற வட கர்நாடகச் சாப்பாட்டுக் கடைகளில் சோள ரொட்டி தட்டுகிறார்கள், அதுவும் ஆகும். பக்கத்திலேயே சப்பாத்தி தேய்த்து மாவு பறந்துகொண்டிருந்தால் மட்டும் யோசி. பிரியாணி பெரும்பாலும் சரிதான். ஆனால் தம் போடும்போது அண்டாவின் விளிம்பைக் கோதுமை மாவு வைத்து ஒட்டுவார்கள். விளிம்போரத்தில் அள்ள வேண்டாம், நடுவிலிருந்து போடச் சொல். கூட வரும் சில்லி சிக்கனைத் தொடாதே, மைதாவும் சோயா சாஸும் சேர்ந்தது. சோயா சாஸே கோதுமை சேர்த்துப் புளிக்க வைப்பதுதான்.

எண்ணெய் விஷயம் ஒன்று. பூரி பொரித்த எண்ணெயில் போட்ட வடையோ அப்பளமோ வேண்டாம். ‘எண்ணெய் கொதிக்குதே, அதுல என்ன இருக்கும்?’ என்று கேட்பார்கள். கொதித்தால் சாக இது கிருமி இல்லை.

இப்போது உன் அறைத்தோழி விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு வெங்காயம், பூண்டு ஆகாது, அதனால் இருவரும் உடுப்பி ஓட்டலாகப் பார்த்துப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத பழைய வழக்கத்தை விடாத கடை என்றால் அவளுக்கு அது சரியான இடம். வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்று ஒன்று இருக்கிறது, அது செரிக்காமல் கீழே போய்ப் புளித்து வயிறு உப்புகிறது. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் உணவு முறை வகுத்திருக்கிறார்கள், உன் டாக்டர் கொடுத்த தாளில் பார்த்தேன். கோதுமையிலும் அந்த ஃப்ரக்டான் உண்டு. சப்பாத்தியை விட்டால் அவளுக்கும் தேவலையாக இருப்பது அதனால் இருக்கலாம். ஆனால் உங்கள் இருவர் கதையும் ஒன்றில்லை. அவள் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டால் ஒரு நாள் அவதிப்பட்டு எழுந்துவிடுவாள். உனக்கு வலியே தெரியாவிட்டாலும் உடம்பு தன் குடலையே தாக்கிக்கொண்டிருக்கும். ‘போன தடவை சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற கணக்கு அவளுக்குச் சரி, உனக்குச் சரி இல்லை.

விசேஷம் என்னவென்றால், வெங்காயமும் பூண்டும் போடாத அடுப்படியில் அந்த வாசனைக்குப் பதிலாகப் பெருங்காயம்தான் தாராளமாக விழும். அந்தப் பெருங்காயம்தான் உனக்கு எமன். சுத்தமான பெருங்காயப் பாலை யாராலும் அப்படியே போட முடியாது, காரம் மூக்கைத் துளைக்கும். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பாலை இங்கே கருவேலம் பிசினும் மாவும் கலந்து கட்டியாகவோ தூளாகவோ ஆக்குகிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா, சிலவற்றில் அரிசி மாவு. ஓட்டல் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், எதிலும் பெருங்காயம் இல்லாமல் இருக்காது. பெரிய அண்டா சாம்பாரில் ஒரு சிட்டிகைதானே என்றால், சில மாஸ்டர்கள் கரண்டியால் அள்ளிப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவளைக் காப்பாற்றுகிற சாம்பார் உன்னைக் கவிழ்க்கும். டப்பாவைக் காட்டச் சொல், பின்பக்கம் படித்துப் பார். காட்டவில்லையா, தேங்காய்ச் சட்னியோடு முடித்துக்கொள். அதிலும் தாளிப்பில் பெருங்காயம் போடாமல் தனியாகக் கேள்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். காலை எட்டரைக்குக் கூட்டம் நெரிக்கும்போது நீ எது கேட்டாலும் ‘ஆமா, ஆமா’தான். கடை திறந்ததும் போ: கல் கழுவியிருக்கும், எண்ணெய் புதுசாக இருக்கும், மாஸ்டருக்கும் வாய் திறந்து பேச மனசிருக்கும். இல்லையென்றால் மூன்று மணிக்குப் போ. ஒரு தடவை பேசிப் பழகிய கடைக்கே திரும்பத் திரும்பப் போ. தினமும் புதுக் கடை தேடுவது உன் சிநேகிதர்களுக்குத்தான், உனக்கு இல்லை. ஆபீஸ் விருந்து என்றால் இடத்தை நீயே சொல். அவர்கள் முடிவு செய்யும்வரை சும்மா இருந்துவிட்டு அங்கே போய்த் தண்ணீர் குடிக்காதே. பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் பெரிய ஓட்டல்கள் ஒவ்வாமைப் பொருள்களை மெனுவில் சொல்ல வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி இருக்கிறது. தயங்காமல் கேட்டு வாங்கிப் பார். இன்னொன்று, பார்லியில் காய்ச்சுகிற பீரும் உனக்கு ஆகாது. குடிக்கிறாயா என்று கேட்கவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன்.

காபி பற்றிக் கேட்டிருந்தாய். பாலைச் செரிக்க வைக்கும் சுரப்பு சிறுகுடலின் உள்சுவரில் துவாலை நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் இருக்கிறதாம். குளூட்டன் பட்டு அது தேய்ந்துபோனதால் பாலும் சேரவில்லை. கோதுமையை முழுதாக விட்டுக் குடல் ஆறிய பிறகு பலருக்குப் பால் திரும்பச் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னாரே. அதுவரை தயிர், பெருங்காயம் போடாத மோர். ஹார்லிக்ஸ் பக்கம் மட்டும் போகாதே, அதில் கோதுமையும் பார்லியும் இரண்டும் உண்டு.

அத்தை போன வாரம் வந்தபோதும் ‘நம்ம காலத்துல இப்படி ஒரு வியாதி உண்டா’ என்று ஆரம்பித்துவிட்டாள். இருந்தது, யாருக்கும் தெரியவில்லை என்றேன். ஹாலந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமை மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். 1944–45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோய் உள்ள குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 2016இல் வந்த ஓர் ஆய்வில் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கும் மேல் இது இருக்கிறது, தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர்தான் என்று கண்டிருக்கிறார்கள். அதனால்தான் நம் பக்கம் ஓட்டல்காரருக்கும் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை. அவள் அனுப்பும் அதிரசத்தைச் சாப்பிடலாம், அரிசி மாவுதான், ஆனால் மில்லில் அரைத்ததென்றால் வேண்டாம். அதே கல்லில் முன்னால் யார் கோதுமை அரைத்தார்களோ.

அரிசி மாவு கலந்த பெருங்காயம் இரண்டு டப்பா பார்சலில் போட்டிருக்கிறேன், லேபிளைக் கண்ணாடி போட்டுப் படித்துத்தான் வாங்கினேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை நீ வழக்கமாகப் போகும் கடை மாஸ்டரிடம் கொடுத்து, உனக்கு மட்டும் இதைப் போட்டு ஒரு கிண்ணம் ரசம் வைக்க முடியுமா என்று கேட்டுப் பார். பார்சல் ஆபீஸிலிருந்து போன் வரும், தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதே.

இப்படிக்கு,
அப்பா