டி.டி.எஸ். பேனா காட்டாத புளோரைடு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பென்னாகரம், நல்லம்பள்ளி, பாலக்கோடு வட்டார வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் சுற்றிய காணொளியை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். நம் கடையில் வாங்கிய புளோரைடு வடிகட்டியில் ஊற்றும் முன் 910 காட்டிய டி.டி.எஸ். பேனா (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி), வடிந்த தண்ணீரிலும் 905 காட்டியதை வைத்து, இது வெறும் மண் நிரப்பிய டப்பா என்று அதில் ஒருவர் சொல்கிறார். விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். படிப்பு முடித்த கையோடு இந்த ஒரு வேலையையே நம்பி இறங்கிய எங்கள் மூவருக்கும் இந்தச் சொல் தாங்கவில்லை.

அந்தப் பேனாவில் பிழையில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து, கரைந்துள்ள உப்புகள் அத்தனையையும் சேர்த்து அது மதிப்பிடுகிறது. அதில் புளோரைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதனால் இயலாது. லிட்டருக்கு 910 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரில் புளோரைடு 3 மில்லிகிராம் இருந்தாலே அது மிக அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையை ஏற்றுவதும், பெரியவர்களின் மூட்டுகளை இறுக்குவதும் அந்த 3 மில்லிகிராம்தான். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில்கூட 1.5-ஐத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் வடிகட்டியிலுள்ள ஆக்டிவேட்டட் அலுமினா என்ற குருணை புளோரைடைப் பிடித்துக்கொண்டு மற்ற உப்புகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. 3 குறைந்து 1 ஆனால் பேனாவுக்கு எப்படித் தெரியும்? எல்லா உப்பையும் எடுக்க ஆர்.ஓ. வேண்டும், அதற்கு மின்சாரமும் வேண்டும், பிடித்த தண்ணீரில் கணிசமான பங்கைக் கழிவாக விடவும் வேண்டும். கோடையில் குடம் குடமாகச் சுமக்கும் வீடுகளுக்கு அது கட்டாது என்றுதான் இந்த வழிக்கு வந்தோம். கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும்.

இதையெல்லாம் விற்கும்போதே சொல்லாதது எங்கள் தவறு, மன்னியுங்கள். சந்தேகமுள்ளவர்கள் ஊற்றும் முன் ஒரு பாட்டிலும் வடிந்த பின் ஒரு பாட்டிலும் பிடித்து வாருங்கள். சோதனைக் குழாயில் சாயக் கரைசலை விட்டதும், புளோரைடு மிகுந்த தண்ணீர் மஞ்சளாக மாறும், புளோரைடு குறைந்த தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நிற்கும். கட்டணமின்றி உங்கள் கண்முன்னே செய்து காட்டுவோம்.

புளோரைடு நிறைந்துபோன அலுமினாவை காஸ்டிக் சோடாவில் கழுவிப் புதுப்பித்துத் தந்த தம்பி ஓசூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டதால், இம்மாத முறை பத்து நாள் தள்ளிப்போகும். புதுப்பிக்கும் கட்டணம் 150 ரூபாயிலிருந்து 220 ஆகிறது. அதுவரை, வடிந்த தண்ணீரும் சோதனையில் மஞ்சளாகும் வீடுகளில், ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே குடிக்கப் பயன்படுத்துங்கள்.

காணொளி வந்த மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்து, மகள் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று முன்பணம் கொடுத்துச் சென்ற அம்மாவுக்கும், எங்களுக்காக அந்தக் குழுவில் பொறுமையாகப் பதில் எழுதிய உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சோதனைக்கு ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலை 4 மணிக்கு மேல் வரலாம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்கள்