'பிஎஃப்ஓஏ இல்லாதது' என்றால், வேறு எது இருக்கிறது?

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், மதுரை
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவா, பெட்டியில் உள்ள வாசகத்துக்கு விளக்கம் கேட்டல்.

ஐயா/அம்மையீர்,

உங்கள் தவாவை வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. மரக்கரண்டி தவிர வேறெதுவும் அதில் பட்டதில்லை, தீயையும் கூட்டியதில்லை. அப்படியும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உரிந்து, தோசையின் அடியில் கறுப்புத் துகள்கள் ஒட்டி வருகின்றன.

பணம்கூட இரண்டாம்பட்சம். என் மகள் தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவள். பிஎஃப்ஓஏ என்பது நான்ஸ்டிக் பூச்சுத் தயாரிப்பில் பயன்பட்ட ஒரு வேதிப்பொருள். 'பிஎஃப்ஓஏ இல்லாதது' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்ததை நம்பி, அவளுக்காகவே உங்கள் தவாவை வாங்கினேன். இப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. இந்த மாதங்களில் வயிற்றுப்பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் போக வேண்டும்.

உங்கள் சேவை மையத்தை மூன்று முறை அழைத்தேன். துகள் உடலில் தங்காமல் வெளியேறிவிடும் என்றார்கள், ஏற்றுக்கொள்கிறேன். பிஎஃப்ஓஏவுக்குப் பதிலாக எதைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டேன். மூன்று முறையும் பதில் இல்லை.

நான் வீண் பயத்தில் கேட்கவில்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பார்க்கர்ஸ்பர்க் அருகே டெஃப்லான் ஆலையிலிருந்து பிஎஃப்ஓஏ குடிநீரில் கலந்தது. அங்கே சுமார் 69,000 பேரிடம் திரட்டிய விவரங்களையும் வைத்து ஆராய்ந்த அறிவியல் குழு, அதனுடன் தொடர்பிருக்கக்கூடும் என்று 2012இல் முடித்த ஆறு நோய்களில் தைராய்டு நோய் ஒன்று; கர்ப்பகால ரத்த அழுத்தம் இன்னொன்று. தைராய்டு ஹார்மோனை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதத்தில் இந்த வேதிப்பொருள் இடம் பிடித்துக்கொள்ளும். உடலில் சேர்ந்தது பாதியாகக் குறையவே ஆண்டுகள் ஆகும். எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2019இல் அதைச் சேர்த்தார்கள். ஆனால் அதற்கு மாற்றாக வந்த ஜென்எக்ஸ் என்ற வேதிப்பொருளும் அதே பிஎஃப்ஏஎஸ் குடும்பம்தான், அதாவது எளிதில் சிதையாத ஃப்ளூரின் வேதிப்பொருள்களின் குடும்பம். ஒன்றை எடுத்துவிட்டு அதன் பங்காளியைக் கொண்டுவந்திருந்தாலும் உங்கள் பெட்டி வாசகம் பொய்யாகாது. என் ஆற்றாமை அதில்தான்.

என் மகளின் தைராய்டு உங்களால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அது பத்து வருடமாக இருக்கிறது. அவளுக்குச் சமைத்துப் போடும் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 எனக்குத் தந்தது.

தவாவின் முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள். பூச்சிலும் அதைத் தயாரிக்கும்போதும் எந்த பிஎஃப்ஏஎஸ் சேர்கிறது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அதுவரை, பரணிலிருந்து இறக்கிய என் அம்மாவின் இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

இணைப்பு: ரசீது நகல், தவாவின் படங்கள்.